தண்ணீரில் விளாவிய வெந்நீர்

யுகமிசவா
ஏப்ரல் 22, 1984

உசுயி தெய்ஜி அவர்களுக்கு,

இந்த வருடம் பனிக்குப் போக மனமில்லை. இன்னமும் கூரையடியில் அழுக்கு மூட்டையாகக் கிடக்கிறது. தோக்கியோவில் செர்ரி பூத்து உதிர்ந்தே போயிருக்கும். தாங்கள் நலம்தானே?

நான் யுகமிசவா ஊற்றுக் கிராமத்தில் தொகாஷியா விடுதியை நடத்துகிறவள். பிப்ரவரியில், பஸ் நின்றுபோன ஒரு மாலையில், இடுப்பளவு பனியில் நடந்து வந்து எங்கள் வீட்டில் ஓர் இரவு தங்கினீர்கள். இந்த மாதமே வெளிவந்துவிட்ட 'பாதையோரம்' பத்திரிகையின் மே இதழில் 'உள்ளூர்வாசியாக இருப்பது எப்படி' என்ற உங்கள் பகுதியில் எங்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். படித்தோம். இரண்டு நட்சத்திரம் கொடுத்ததற்கு நன்றி. மூன்றாவதைக் கொடுத்திருந்தாலும் மாட்டி வைக்க எங்களிடம் ஆணி இல்லை.

சூப் ஆறியிருந்தது என்று எழுதியிருந்தீர்கள். உண்மை. விடுதிக்காரியின் முகத்தில் களையில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம். அவற்றைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

குளியலைப் பற்றிய பத்தியை மட்டும் நீக்கிவிடவேண்டும். "பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றிக்கொண்டு, அதன்மேல் கொதிக்கும் நீரை விளாவுங்கள். யுகமிசவாப் பெண்கள் அகப்பையை இடது கையில் பிடித்துக்கொண்டு இதை நிதானமாகச் செய்யும் அழகே அழகு. வீட்டிலும் செய்து பாருங்கள், உடம்பு சொன்னபடி கேட்கும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பத்தி. இந்தக் கட்டுரைகள் இலையுதிர்காலத்தில் புத்தகமாக வருவதாக அறிகிறேன். அதில் இது இருக்கக் கூடாது. முடிந்தால் அடுத்த இதழில் ஒரு திருத்தமும் வெளியிடுங்கள்.

காரணம் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

தொகாஷி மிசாவோ


தோக்கியோ
மே 2

தொகாஷி அம்மையாருக்கு,

முன்னுரை கிடையாது. பனியையும் பூவையும் குசலம் விசாரிக்க எனக்கு நேரமில்லை.

விடுதிக்காரர்களிடமிருந்து எனக்கு மாதாமாதம் கட்டுக்கட்டாகக் கடிதம் வருகிறது. எல்லோருக்கும் ஒரே வியாதிதான். பாராட்டினால் சுவரில் மாட்டுவார்கள், குறை சொன்னால் திருத்தம் கேட்பார்கள். நீங்கள் ஒரு படி மேலே போய், நான் பாராட்டிய ஒரே பத்தியை நீக்கச் சொல்கிறீர்கள். ஊருக்குள்ளேயே பூட்டி வைக்கவேண்டிய ரகசியமா அது? வெந்நீர் கலக்குவதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறீர்களா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வருடமாக எழுதுகிறேன். கண்ணால் பார்க்காததை ஒருநாளும் எழுதியதில்லை. மற்ற எழுத்தாளர்கள் ரயில்நிலையத்தில் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு மலையுச்சியை வர்ணிப்பார்கள். நான் ஏறிவிட்டுத்தான் எழுதுவேன். எனக்கென்று இருக்கும் ஒரே சொத்து அதுதான்.

உங்கள் வீட்டில் பார்த்ததைச் சொல்லட்டுமா? சாப்பாட்டுக்கு வெகுநேரம் காக்க வைத்தீர்கள். வாசலில் ஒருமுறை குனிந்து வணங்கினீர்கள், அதற்குப் பிறகு உங்கள் நிழலைக்கூடக் காணோம். வீடு முழுக்க ஊதுவத்தி வாசனை, மீன் ருசியையே கெடுத்தது என்று எழுதியும் இருக்கிறேன். கழிப்பறையைத் தேடிப் போய் வழிதவறிப் பின்கட்டுக்கு வந்துவிட்டேன். ஓர் அறை வாசலில் கொக்குகள் வரைந்த மடிப்புத் தட்டியைத் தலைகீழாக நிறுத்தியிருந்தார்கள். கொக்குகளெல்லாம் கால் மேலே தலை கீழே பறந்தன. அதைக்கூட நேராக நிமிர்த்தி வைக்க ஆளில்லாத விடுதி என்று எழுதியிருக்கலாம். பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

அங்கேதான் உங்கள் சமையல்கார அம்மாள் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நானே கேட்டேன்.

"என்னம்மா இது, தண்ணியில போய் வெந்நிய ஊத்துறீங்க? எங்கயும் வெந்நியிலதானே தண்ணி ஊத்துவாங்க?"

"எங்க ஊர்ல இப்படித்தாங்க. நீங்க ரூமுக்குப் போங்க, இங்க குளிரும்."

இதைத்தான் எழுதினேன். உங்கள் வீட்டார் சொன்னதை உங்கள் பெயரிலேயே எழுதினேன். இப்போது வந்து, நீக்கு, காரணம் கேட்காதே என்றால் எப்படி? காரணம் சொல்லாத வேண்டுகோளுக்கு என்னிடம் பதில் இல்லை.

உசுயி தெய்ஜி


யுகமிசவா
ஜூன் 10

உசுயி அவர்களுக்கு,

நீங்கள் கற்றுக்கொடுத்தபடியே நானும் முன்னுரையை விட்டுவிட்டேன். காரணம் கேட்டீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.

போன வாரம் தோக்கியோவிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். எல்லோர் கையிலும் உங்கள் பத்திரிகை. "இங்கதான அந்த இடதுகைக் குளியல்?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினார்கள். நான் மறுத்தேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர்களே பொதுக்குளியல் அறைக்குப் போய், வாளியில் பச்சைத் தண்ணீரைப் பிடித்து, வெந்நீரை இடது கையால் ஊற்றி, ஒருவர் மேல் ஒருவர் விட்டுக்கொண்டு சிரித்தார்கள். அங்கே எங்கள் ஊர்ப் பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். உடம்பைக்கூடத் துடைக்காமல் எழுந்து ஓடினார்கள்.

உயிரோடு இருப்பவர்கள் வெந்நீரில்தான் தண்ணீர் விளாவுவார்கள். தண்ணீரில் வெந்நீர் விளாவுவது செத்தவரைக் கழுவ. இடது கையும் அதற்குத்தான். தட்டியைத் தலைகீழாக நிறுத்துவதும் அதற்குத்தான். அதை நேராக நிமிர்த்தி வைக்க எங்கள் வீட்டில் ஆளில்லை என்று நினைத்தீர்கள். ஆமாம், ஆளில்லை. அந்த ஆள்தான் தட்டிக்குப் பின்னால் படுத்திருந்தார்.

என் கணவர் எய்சாகு அன்று மதியம் கூரைப் பனியைத் தள்ள ஏறினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. அப்படிப்பட்ட பனியில் அக்கம்பக்கத்தாரால் வரமுடியவில்லை. நானும் என் நாத்தனாரும் சமையல்காரி தொமோயோவும்தான் இருந்தோம். தண்ணீர் தயார் செய்யும்போது வாசலில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் நீங்கள் நிற்கிறீர்கள். புருவமெல்லாம் பனி, உதடு நீலம்.

பனியில் வந்து நின்றவரை இந்த வீடு திருப்பி அனுப்பியதில்லை. துக்க வீடு என்று சொன்னால் நீங்கள் சங்கடப்பட்டுத் திரும்பியிருப்பீர்கள், வழியிலேயே விறைத்திருப்பீர்கள். அதனால் சொல்லவில்லை. வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று கட்டளையிட்டேன். தொமோயோ பாவம், உங்களிடம் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறாள். துக்க வீட்டில் மீனைத் தொடமாட்டோம். உங்களுக்காக அடுப்பில் மீன் சுட்டேன். என்னை ஒருமுறைதான் பார்த்தீர்கள் என்கிறீர்கள். இரண்டாவது முறை குனிந்திருந்தால் நிமிர்ந்திருக்கமாட்டேன்.

மறுநாள் ஊரார் வந்து சேர்வதற்குள் நீங்கள் வெளியூரிலிருந்து வந்த பனி தள்ளும் வண்டியில் ஏறிப் போய்விட்டீர்கள். நீங்கள் வந்தது ஊரில் யாருக்கும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லாமலிருந்தது, நீங்கள் பேனாவைத் திறக்கும் வரை.

அந்த வேன் போன மறுநாள் ஊர்ப்பெரியவர் ஷோக்கிச்சி பத்திரிகையோடு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"ஏம்மா மிசாவோ, புருஷன் பொணம் உள்ள கெடக்க, முன்னாடி ரூம்ல விருந்தாளிக்கு மீன் சுட்டுப் போட்டியாமே? அதோட விட்டியா? அவனக் கழுவுனதையும் வேடிக்க காட்டி, விளம்பரத்துக்குப் போட வெச்சிருக்க. எய்சாகு எங்கூட ஒண்ணா வளந்தவன். அவன் ஒனக்கு என்ன கொற வெச்சான்?"

என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "அன்னைக்கு யாருமே வரலைங்க. அந்தப் பத்திரிகைக்காரன் யாருன்னே எனக்குத் தெரியாது. எங்கயோ கேட்டத எங்க பேர்ல அளந்து விட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் நம்பவில்லை. "அவன் வாயாலயே வரட்டும் பாப்போம். அதுவரைக்கும் ஒன் வீட்டு வெள்ள விளக்குக்கு ஊர்லருந்து ஒருத்தனும் வரமாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்டில், இறந்த முன்னோர் வீட்டுக்கு வந்துபோகும் 'போன்' பண்டிகை. என் கணவருக்கு இது முதல் போன். செத்த பிறகு முதல்முதலாக வீடு திரும்பும் மனுஷனுக்கு வெள்ளை விளக்கு கட்டி, ஊரே வந்து ஊதுவத்தி ஏற்றி வரவேற்கும். ஒருவரும் வராத வீட்டுக்கு அவர் எப்படி வருவார்? வந்தாலும், என்னை என்னவென்று நினைப்பார்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்பார்கள். மூட உங்களால் முடியும். நீங்கள் இங்கே வரவேயில்லை என்று எழுதுங்கள். இனி நீங்கள் பொய்யரா, நான் பொய்க்காரியா என்பதுதான் கேள்வி. நான் பொய்க்காரிதான். ஆனால் ஊருக்கு முன்னால் பொய்யர் ஆகவேண்டியது நீங்கள்.

தொகாஷி மிசாவோ


தோக்கியோ
ஜூன் 19

தொகாஷி அம்மையாருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் சாப்பிடவில்லை. குற்ற உணர்ச்சி என்று நினைத்துச் சந்தோஷப்படவேண்டாம். கோபத்தில்.

என்னை ஏன் உள்ளே விட்டீர்கள்? கோவில் மண்டபத்துக்கு வழி காட்டியிருந்தால் போதுமே. என் சம்மதம் கேட்காமல் என்னைத் துக்க வீட்டில் உட்காரவைத்து மீன் ஊட்டினீர்கள். இழவு வீட்டு வாசனையைக் குறை சொல்லி எழுதியவன் என்ற பழியைச் சாகும்வரை சுமக்கவேண்டியவன் நான். உங்கள் உபசாரத்துக்கு என்னைக் கேட்டா விலை போட்டீர்கள்?

தலைகீழ்த் தட்டி எதற்கென்று தெரியாதவனா இவன் என்று நினைத்திருப்பீர்கள். தெரியாது. 1945 மார்ச்சில் குண்டு விழுந்த ராத்திரியில் என் அம்மாவும் இரண்டு தங்கைகளும் தோக்கியோவில் இருந்தார்கள். என்னை மட்டும் பள்ளியோடு மலைநாட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், எனக்கு ஒன்பது வயது. திரும்பி வந்தபோது தெருவே இல்லை. கழுவுவதற்கு ஒரு விரல்கூடக் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் ஓர் அநாதை விடுதி, இன்னோர் அநாதை விடுதி, யாரோ ஒரு சித்தப்பா வீடு. ஒரு செத்த வீட்டின் பின்கட்டை நான் பார்த்ததே உங்கள் வீட்டில்தான். பார்த்தும் தெரியவில்லை. ஊரில்லாதவன் ஊர் ஊராகப் போய் 'உள்ளூர்வாசியாக இருப்பது எப்படி' என்று உபதேசம் செய்கிறான். சிரித்துக்கொள்ளுங்கள்.

மே மாதத்திலேயே வாசகர்களில் சில முதியவர்கள் பத்திரிகைக்கு எழுதியிருந்தார்களாம், இது சாவுக் காரியம் என்று. அலுவலகத்தில் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டார்கள். உங்கள் கடிதத்துக்குப் பிறகுதான் எடுத்துக் கொடுத்தார்கள்.

ஆனால் பொய் எழுதமாட்டேன். நான் வந்தேன், உங்கள் வீட்டில் படுத்தேன். அதை வரவில்லை என்று எழுதினால் இத்தனை வருடம் எழுதியது அத்தனையும் பொய்யாகிவிடும். உண்மையையே எழுதுகிறேன். முழு உண்மையையும். ஒரு வரைவு இணைத்திருக்கிறேன். கணவரின் உடலை மறைத்துவைத்து, வந்த விருந்தாளியைக் காப்பாற்றிய பெண்ணின் கதை. இதைவிட உயர்ந்த விருந்தோம்பலை நான் எங்கும் பார்த்ததில்லை என்று முடித்திருக்கிறேன். படித்தால் உங்கள் ஊரே தலைவணங்கும்.

உசுயி தெய்ஜி


யுகமிசவா
ஜூன் 24

உசுயி அவர்களுக்கு,

உங்கள் அம்மாவுக்கும் தங்கைகளுக்கும் எங்கள் சாமிமாடத்தில் ஊதுவத்தி ஏற்றினேன். அது அவர்களுக்காக. உங்களுக்காக இல்லை.

வரைவை அடுப்பில் போட்டுவிட்டேன். "வெண்பனியில் ஒரு வெண்தாமரை" என்று எனக்குத் தலைப்பு வேறு வைத்திருக்கிறீர்கள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, கால் வீங்கியிருக்கிறது, தாமரை கீமரை எல்லாம் வேண்டாம்.

உங்களுக்கு இன்னுமா புரியவில்லை? உள்ளே பிணம், வெளியே விருந்தாளி என்று அச்சில் வந்தால் தோக்கியோக்காரர்கள் கண்ணீர் விடுவார்கள். அடுத்த மாதம் மூன்று வேன் வரும், "எந்த ரூம்ங்க?" என்று கேட்கும். எங்கள் ஊர் தலைவணங்காது. பெண்டாட்டி தன் புருஷனை இரண்டாம் தடவையும் விற்றுவிட்டாள் என்று சொல்லும். முதல் தடவை தெரியாமல் செய்தீர்கள். இதைத் தெரிந்தே செய்கிறீர்கள், அதுவும் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டு.

தொமோயோ உங்கள் கடிதத்தைப் படிக்கக் கேட்டுவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "அந்த ஆளுக்கு உண்மை மேல இருக்கிற ஆசையில கால்வாசி மனுசங்க மேல இருந்தா பொழச்சுப் போவான்ம்மா." அவள் பள்ளிக்கூடம் போகாதவள் இல்லை, என்னைவிட நன்றாகவே படித்தவள். அதனால் யோசித்துத்தான் சொல்லியிருப்பாள்.

உங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. காப்பாற்றிக்கொள்ளுங்கள். என்னைப் புகழ்ந்து மட்டும் எழுதாதீர்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினால்கூட ஆறிவிடும், அதில் தேன் தடவ வந்தால் ஈ மொய்க்கும்.

இனி எழுதமாட்டேன்.

தொகாஷி மிசாவோ


தோக்கியோ
ஜூலை 30

தொகாஷி அம்மையாருக்கு,

ஆகஸ்ட் இதழ் இத்துடன் இருக்கிறது. கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். ஊர்ப்பெரியவருக்கும் ஒரு பிரதி தனியாக அனுப்பியிருக்கிறேன். ஒருவேளை வந்து சேராவிட்டால் நீங்களே காட்டலாம் என்பதற்காக வரிகளை இங்கேயும் எழுதுகிறேன்:

"மே இதழில் யுகமிசவா தொகாஷியா விடுதியைப் பற்றி நான் எழுதியது முழுக்கக் கற்பனை. அன்று பனியில் பாதி வழியிலேயே திரும்பிவிட்டேன். அந்த விடுதியில் நான் தங்கவில்லை, அங்குள்ள யாரையும் சந்திக்கவில்லை. இறந்தவர்களுக்கான சடங்கு ஒன்றைப் பற்றி வேறெங்கோ அரைகுறையாகக் கேட்டதை அந்த ஊரின் குளியல் வழக்கம் என்று எழுதிவிட்டேன். யாரும் அதைச் செய்யவேண்டாம். தொகாஷியா குடும்பத்தாரிடமும் ஊராரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உசுயி தெய்ஜி."

ஆசிரியர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"யோவ் உசுயி, போகாத ஊருக்கு வழி சொன்னியா நீ? பதினாறு வருஷமாவா?"

"இது ஒண்ணுதான் சார்."

"இத நான் நம்பணும்? படிக்கிறவன் நம்புவானா? அப்ப நீ ஏறுன மலையெல்லாம் எங்க இருக்கு, ஒங்க வீட்டு மாடியிலயா?"

பகுதியை நிறுத்திவிட்டார்கள். புத்தகமும் இல்லை. என்னைப் போலவே ஊர் சுற்றி எழுதும் நண்பன் ஒருவன் தெருவில் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போய்விட்டான். அவன் ரயில்நிலையத்தில் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு எழுதுகிற கூட்டம். அவனே என்னைப் பார்க்கக் கூச்சப்படுகிறான்.

இது உங்களுக்காகச் செய்ததில்லை. புண்ணியம் என்றும் நினைக்கவில்லை. என் அம்மாவுக்கு முதல் போன் என்று ஒன்று நடக்கவேயில்லை. விளக்கு கட்ட வீடு இல்லை, வந்து நிற்க ஊரும் இல்லை. இன்னொருவர் வீட்டில் அது என்னால் நின்றது என்று இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

உங்கள் மேல் எனக்கு இன்னமும் கோபம் தீரவில்லை. நன்றி என்று ஒரு வரி எழுதினால் உறையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

உசுயி தெய்ஜி


யுகமிசவா
ஆகஸ்ட் 17

உசுயி அவர்களுக்கு,

பயப்படவேண்டாம், அந்த வார்த்தை இதில் இல்லை.

போன் நேற்று முடிந்தது. ஊரார் வந்தார்கள். முதல் நாள் மாலையில் வெள்ளை விளக்கைக் கட்டிவிட்டு நானும் தொமோயோவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். தெருவில் யாரும் இல்லை. இனி வரமாட்டார்கள் என்று விளக்கை இறக்கிவிட எழுந்தபோது ஷோக்கிச்சி முதலில் வந்தார், அவருக்குப் பின்னால் அவர் குடும்பம், அப்புறம் மற்றவர்கள். குளியல் அறையிலிருந்து எழுந்து ஓடிய பெண்களும் வந்தார்கள். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. என் கணவர் வந்திருந்தால், நிறைந்த வீட்டுக்குத்தான் வந்திருப்பார்.

ஷோக்கிச்சி மாடத்துக்கு முன் மண்டியிட்டு ஊதுவத்தி ஏற்றினார். அப்புறம் என் பக்கம் திரும்பித் தரையில் நெற்றி படக் குனிந்தார். "அந்தப் பொய்யன் பேச்சக் கேட்டு ஒன்னச் சந்தேகப்பட்டுட்டேன்ம்மா. எய்சாகு என்ன மன்னிக்கணும்" என்று அழுதார். எழுபது வயதுக்காரர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு மூன்று நாளும் என் வீட்டில் உங்களைப் பற்றித்தான் பேச்சு. ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள்.

"அந்தப் பேனா புடிச்ச கையால தின்னா சோறு எறங்குமா?"

"பாதி வழியில திரும்பிட்டானாம்ல. இந்தப் பனிக்கே பயந்த பய, ஊருக்கெல்லாம் வழி சொல்றான்."

"பெத்தவ இருந்தா நாலு சாத்து சாத்தியிருப்பா. வளப்பு சரியில்ல."

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் தொமோயோ தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். நான் போகவில்லை. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியும், அந்த அறையில் மற்ற யாருக்கும் தெரியாது. வாய் வரைக்கும் வந்தது.

அப்போது ஷோக்கிச்சி கேட்டார். "ஏம்மா, அவன நீ கண்ணால கூடப் பாத்ததில்ல, இல்லியா?"

"பாத்ததே இல்லீங்க" என்றேன். என் கணவரின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். கேவலமாக இருந்தது. ஆனாலும் நாளைக்கு மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நான் இந்த ஊரில் வாழ்ந்து, இந்த ஊரின் கைகளால் கழுவப்பட்டுத்தான் போகவேண்டும். உங்கள் நல்ல பெயரையும் என் வீட்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தேன், என் வீட்டை எடுத்துக்கொண்டேன். என்னை வெறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இந்தப் பக்கம் ஒருநாளும் வராதீர்கள். பனியில் வந்து நின்றாலும் இந்த முறை கதவைத் திறக்கமாட்டேன், திறக்க முடியாது.

இன்னும் ஒன்று. நான் எழுதிய கடிதங்கள் உங்களிடம் இருக்கின்றன. அன்று நீங்கள் வந்தீர்கள், தங்கினீர்கள், பார்த்ததைத்தான் எழுதினீர்கள் என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே எழுத்து அதுதான். அவற்றை எனக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள், இந்தக் கடிதத்தையும் சேர்த்து. முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி, ஓர் உறையை உள்ளே வைத்திருக்கிறேன்.

தொகாஷி மிசாவோ